பழைய மகோகனிப் படகு: சாயத்துக்கு மேலே எப்பாக்ஸியா, எண்ணெய் சீலரா?

துடுப்பன்:
வணக்கம். 1950களில் கட்டிய 17 அடி மகோகனி மோட்டார் படகு ஒன்று இரண்டு வருடமாக என் கொட்டகையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒருவழியாகப் பழைய வார்னிஷை ஹீட் கன்னும் ஸ்க்ரேப்பரும் வைத்து உரித்து முடித்தேன். மக்கிப்போன பலகைகளில் மேல்தளத்தில் நான்கும் பக்கவாட்டில் இரண்டும் மாற்றியாயிற்று. 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்து, இப்போது கை வைத்தால் வழுக்குகிறது.

அடுத்து மரத்துளையை நிரப்பிச் சாயமேற்றும் ஃபில்லர் ஸ்டெய்ன், அப்புறம் ஈரம் புகாமல் அடைக்கும் சீலர், கடைசியில் வார்னிஷ். சீலரில்தான் மாட்டிக்கொண்டேன். மரத்துக்குள் இறங்குகிற மெல்லிய எப்பாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) சீலர் அடி, ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் ஒருவர். அதைத் தொட்டால் படகு போச்சு, எண்ணெய் சீலர் போதும் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே சொந்தமாகப் படகு செய்தவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

இன்னொன்று. புதுப் பலகை வெளிறிய ரோஜா நிறம், பழையது கருந்தேன் நிறம். திருகாணித் தலைகளை மூடியிருக்கிற மரத் தக்கைகளில் சிலவற்றைச் சுற்றிக் கறுப்பு வட்டம் வேறு.

பழைய உளி:
சீலருக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 220. தம்பி, சாயம் ஏற்றுவதற்கு முன்னால் அவ்வளவு வழவழப்பு ஆகாது. மகோகனியின் துளைகள் வாய் திறந்திருக்க வேண்டும். ஃபில்லர் ஸ்டெய்ன் போய் உட்காருகிற இடமே அதுதான். நைஸ் தாளில் தேய்த்துத் தூளால் அதை அடைத்துவிட்டால் நிறம் திட்டுத்திட்டாக வெளிறும். 100 அல்லது 120க்குத் திரும்பிப் போங்கள். நார் ஓட்டத்தோடு மட்டும் தேயுங்கள். குறுக்கே விழுந்த ஒரு கீறல்கூடச் சாயம் பட்டதும் பல்லிளிக்கும்.

ஃபில்லர் ஸ்டெய்ன் வெறும் சாயம் இல்லை. எண்ணெயில் நிறப்பொடியும் சிலிக்கா மாவும் கலந்த களி. டின்னின் அடியில் கல்லாக இறுகியிருக்கும். கை வலிக்கக் கிளறுங்கள். மினரல் ஸ்பிரிட் விட்டு பெயின்ட் பதத்துக்கு இளக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பூசுங்கள். ஈரப் பளபளப்பு போய் மங்குகிற நேரம் ஒன்று வரும். அப்போது சாக்குத்துணியை மடித்து, நாருக்குக் குறுக்கே அழுத்தித் துடைக்க வேண்டும். நாரோடு இழுத்தால் துளைக்குள் போனது வெளியே வந்துவிடும். சீக்கிரம் துடைத்தாலும் அதே கதிதான். தாமதித்தாலோ சாக்கு கிழியுமே தவிர அது நகராது. அதனால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று அடிக்கு மேல் கை வைக்காதீர்கள்.

சீலர் எண்ணெய்தான். வார்னிஷையே பாதிக்குப் பாதி தின்னர் விட்டு முதல் பூச்சாக அடித்தாலும் சரி. எப்பாக்ஸி பற்றி என்னைப் பேச வைக்காதீர்கள்.

அணியம்:
பேசத்தான் வேண்டும் அண்ணா. எப்பாக்ஸி வேண்டாம் என்கிற எல்லோரும் இந்த இடத்தில்தான் காரணம் சொல்லாமல் நழுவுகிறார்கள்.

என் முதல் படகில் நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். எண்ணெய் சீலர், மேலே எட்டுப் பூச்சு வார்னிஷ். இரண்டாம் வருடம் பலகை நுனிகளில் சுண்டுவிரல் அகலத்துக்குக் கறுப்பு. மேலே வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது, அடியில் தண்ணீர் புகுந்திருந்தது. மரத்தின் வெட்டுமுகம், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த நுனி, தட்டைமுகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் இழுக்கும். இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், மீதியை மரமே உறிஞ்சிக்கொள்ளும். எப்பாக்ஸி அந்த நார்க்குழாய்களுக்குள் இறங்கி அங்கேயே இறுகுகிறது. எண்ணெய் அந்த மாதிரி அடைக்காது.

அடுத்த படகில் எப்பாக்ஸி சீலர் இரண்டு பூச்சு அடித்தேன். அது முழுக்க இறுகுவதற்கு முன்னால், விரலில் ஒட்டாமல் ஆனால் நகம் பதிகிற பதத்தில், முதல் வார்னிஷ். ஆறு வருடம் ஆயிற்று. நுனிகள் இன்னும் சுத்தமாக இருக்கின்றன.

பழைய உளி:
சரி, காரணம் கேட்டீர்கள்.

“ஊடுருவும்” என்று டின்னில் அச்சடித்துவிட்டால் ஊடுருவிவிடுமா? வெட்டுமுகத்தில் இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். உளுத்த மரத்தில் இன்னும் நன்றாக இறங்கும். உறுதியான மகோகனியின் தட்டைமுகத்தில் மேலோடு நின்றுவிடும். ஒரு துண்டுக்கு அடித்து, காயவிட்டு, குறுக்கே அறுத்துப் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் அந்தக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது.

அடுத்தது, அது அவ்வளவு மெல்லியதாக ஓடுவதே அதில் கலந்திருக்கிற கரைப்பானால்தான். அதே கரைப்பான் அடியிலுள்ள எண்ணெய்ச் சாயத்தையும் இளக்கும். பிரஷ் சிவக்கும், பலகையில் வெளுத்த பட்டை விழும்.

இதையெல்லாம் விடுங்கள். மரத்தை எப்பாக்ஸிக்குள் பொதிகிற முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் மிச்சிகனில் 1969இல் தொழில் தொடங்கிய கூஜன் சகோதரர்கள். 1970இல் அவர்கள் கட்டிய அடாஜியோ என்கிற மூன்று உடல் பாய்மரப் படகைத் திருகாணியை நம்பாமல் எப்பாக்ஸியாலேயே ஒட்டினார்கள், எப்பாக்ஸியாலேயே மூடினார்கள். புதுப் படகு, நன்றாக உலர்ந்த மரம், எல்லாப் பக்கமும் பூச்சு. அங்கே அது பலிக்கும். நம் தம்பியின் படகு அப்படியா? சட்டங்களின்மேல் திருகாணியால் இறுக்கிய பலகைகள். பலகையின் விளிம்புக்கும் சட்டத்துக்கு அடியில் மறைந்த இடத்துக்கும் திருகாணித் துளைக்கும் எந்த பிரஷ் போகும்? பின்பக்கமாக ஈரம் புகுந்துகொண்டே இருக்கும். முன்பக்கக் கதவைச் சாத்திவிட்டால் அது எப்படி வெளியே வரும்?

அணியம்:
பத்துப் பூச்சு வார்னிஷும் கதவுதானே? “வார்னிஷ் மூச்சு விடும்” என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை போய்விட்டது. அவ்வளவு கனமான படலத்தில் எவ்வளவு மூச்சு விடும்? மரம் மூச்சு விடுவது உள்பக்கத்தில். அதனால்தான் நான் உள்பக்கத்தை மூடச் சொல்லவே இல்லை. முழுப்படகையும் பொட்டலம் கட்டுவது என் வாதம் அல்ல.

சாயம் கிளம்புவது உண்மைதான், எனக்கும் ஒரு தடவை நடந்தது. இரண்டே நாளில் அவசரப்பட்டேன். ஒரு வாரம் காயவிட்டு, பிரஷை ஒரே இழுப்பில் விட்டுவிட்டு, திரும்பப் போய்த் தடவாமல் இருந்தால் பிரச்சினை இல்லை. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். வெறுமனே விட்டால் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். மேலே புறஊதாக் கதிரைத் தடுக்கிற வார்னிஷ் கட்டாயம், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். “ஆயுசுக்கும் கவலையில்லை” என்று துடுப்பனிடம் சொன்னவர் எந்தப் படகை வைத்துச் சொன்னாரோ.

பழைய உளி:
வார்னிஷை அடியோடு உரிக்க வேண்டிய நாள் ஒன்று வரும், அப்போது பார்ப்போம். எண்ணெய்ப் பூச்சு சூடு காட்டினால் நாடா நாடாவாகச் சுருண்டு வரும். துடுப்பனே இப்போதுதான் உரித்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். எப்பாக்ஸி போட்ட பலகை அப்படி வராது. சூட்டில் பசையாக இளகி ஸ்க்ரேப்பரில் அப்பிக்கொள்ளும், கடைசியில் உப்புத்தாள் போட்டு மரத்தோடு சேர்த்துத்தான் தேய்த்தெடுக்க வேண்டும். பலகையின் கனமே அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்பின்தான். எத்தனை முறை தேய்ப்பீர்கள்? இந்தப் படகுக்கு 70 வயது. இவரிடம் வருவதற்கு முன்னால் நாலைந்து கை மாறியிருக்கும், இனியும் மாறும். அடுத்தவன் கழற்ற முடியாத எதையும் பழைய படகில் போடாதே என்பதுதான் என் கட்சி.

வெயில்மரம்:
நடுவில் வருகிறேன், சண்டையில் சேர அல்ல. நிறக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

அந்தக் காலத் தொழிற்சாலைப் படகுகளில் சிவப்பு ஸ்டெய்ன் அடித்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஒரே படகில் பல நிறப் பலகை வரும், அதை ஒரே குடும்பமாகக் காட்ட வேண்டும். கிறிஸ்-கிராஃப்ட் போன்றவர்கள் நிறையப் பயன்படுத்திய “பிலிப்பைன் மகோகனி” தாவரக் கணக்கில் மகோகனியே இல்லை, லவான் என்கிற வேறு மர வகை. துளை அமைப்பே வேறு. அசல் மகோகனிக்குப் பக்கத்தில் வைத்து ஒரே டின்னிலிருந்து சாயம் அடித்தாலும் வேறு வேறாகத்தான் தெரியும். துடுப்பன், உங்கள் பழைய பலகை எது, புதுப் பலகை எது என்று முதலில் பாருங்கள். புதியது அசல் மகோகனியாக இருந்தால் வெளிச்சம் பட்டுத் தானாகவே கறுக்கும். இன்றைக்குப் பழையதோடு அச்சாகப் பொருத்தினால் பிறகு அது மட்டும் தனியாகக் கறுத்து நிற்கும். கொஞ்சம் இளசாகவே விடுங்கள்.

கறுப்பு வட்டம் என்றால் இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்த கறை. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் போய்விடும். கறை மேல் மட்டும் தடவாமல் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வட்டத்துக்குப் பதில் வெள்ளை வட்டம்தான் மிஞ்சும். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை கழுவி, பல நாள் காயவிட வேண்டும். காய்ந்த மிச்சத்தை முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் விஷம். ஸ்டீல் வுல் பக்கமே போகாதீர்கள், உதிர்ந்த ஒவ்வொரு இழையும் துருப்புள்ளியாகும்.

ஆனால் இந்தப் படகில் இரும்பு எப்படி வந்தது? வெண்கலத் திருகாணிதானே இருக்க வேண்டும்? ஒரு காந்தம் எடுத்துப் பாருங்கள்.

துடுப்பன்:
காந்தத்துக்கு நன்றி, வயிற்றெரிச்சலுக்கும் நன்றி. கறுப்பு வட்டம் இருந்த தக்கைகளைத் தோண்டி எடுத்தேன். அடியில் 11 இரும்புத் திருகாணிகள். யாரோ நடுவில் கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மூன்றின் தலை தொட்டதும் பொடியாகிவிட்டது.

அப்புறம், உங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு ஒரு சோதனை செய்தேன். கழற்றிய பழைய பலகையில் நல்ல பகுதியை மூன்று துண்டாக அறுத்து, 120இல் தேய்த்து, ஒரே ஸ்டெய்ன் அடித்தேன். முதல் துண்டுக்கு இரண்டு நாள் கழித்து எப்பாக்ஸி சீலர். பிரஷ் நுனி வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது, பலகையில் மூன்று வெளுத்த கோடு. இரண்டாவதுக்கு ஒரு வாரம் கழித்து. கோடு இல்லை, ஆனால் சிவப்பு அடங்கிப் பழுப்பாகத் தெரிகிறது. மூன்றாவதுக்கு எண்ணெய் சீலர், நிறம் அப்படியே நின்றது. மூன்றுக்கும் மேலே நான்கு பூச்சு வார்னிஷ். பின்பக்கத்தை வெறுமனே விட்டு, தொட்டித் தண்ணீரில் ஐந்து நாள் மிதக்கவிட்டேன்.

மூன்றுமே வளைந்துவிட்டன. முன்பக்கம் என்ன பூசினேன் என்பது எந்த வித்தியாசமும் காட்டவில்லை. ஆனால் நுனியை அறுத்துப் பார்த்தபோது எண்ணெய்த் துண்டில் ஈரம் கட்டைவிரல் நீளம் உள்ளே போயிருந்தது, எப்பாக்ஸித் துண்டுகளில் நகக்கண் அளவுதான்.

அதனால் தட்டைமுகம் முழுக்க எண்ணெய் சீலர், புதுப் பலகைகளின் நுனிக்கு மட்டும் எப்பாக்ஸி என்று வைத்திருக்கிறேன். மாட்டிய ஆறு பலகையையும் மறுபடி கழற்ற வேண்டும். பரவாயில்லை, பசை போடவில்லை.

பழைய உளி:
மூன்று துண்டை வைத்துச் சட்டம் எழுத முடியாது. இருந்தாலும் நுனிக்கு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு எச்சரிக்கை: நுனியிலிருந்து எப்பாக்ஸி மேல்முகத்துக்கு வழிந்தால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. முகத்தில் டேப் ஒட்டிக்கொண்டு அடியுங்கள்.

அணியம்:
ஐந்து நாள் தொட்டியில் போட்டதும் பல வருடம் மழையில் நனைந்து காய்வதும் ஒன்றல்ல. தட்டைமுகத்திலும் வித்தியாசம் தெரிய வருடங்கள் ஆகும். நான் என் கட்சியில்தான் இருக்கிறேன். ஸ்டெய்ன் துடைத்த சாக்குகளைக் குவித்து வைக்காதீர்கள் துடுப்பன். அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடுங்கள், அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள்.

துடுப்பன்:
வெளியே கொடியில் விரித்தாயிற்று. கடைசியாக ஒன்று. அந்த 11 துளைக்கும் வெண்கலத் திருகாணி போட்டுப் புதுத் தக்கை அடிக்க வேண்டும். தக்கையை எப்பாக்ஸி வைத்து ஒட்டலாமா?

பழைய உளி:
வேண்டாம். வார்னிஷில் தோய்த்து அடியுங்கள், தண்ணீரைத் தடுக்க அது போதும். அடுத்த முறை திருகாணியைக் கழற்றுகிறவர் துளையின் விளிம்பு உடையாமல் தக்கையை எடுத்துவிடலாம்.

அணியம்:
இதில் நானும் வார்னிஷ்தான். தக்கையின் நார் பலகையின் நாரோடு சேர்ந்து ஓடும்படி வையுங்கள். சீவும்போது ஒரே வெட்டில் தரைமட்டமாக்காதீர்கள். முதலில் பாதி உயரத்தில் ஒரு சீவல் எடுத்தால் நார் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியும். மீதியை எதிர்ப்பக்கத்திலிருந்து சீவுங்கள். இல்லாவிட்டால் தக்கை பலகை மட்டத்துக்குக் கீழே பிளந்து குழி விழும், அந்தக் குழியை எந்த வார்னிஷும் மறைக்காது.