கொப்பியில் கோடு கூடினால் வன்முறை கூடிவிட்டதா?

கேள்வி: குளக்கட்டு

வணக்கம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு கிராமத்தில் மாதர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வீட்டு வன்முறையைக் குறைக்க மூன்று வருடமாக ஒரு திட்டம் செய்கிறோம். முன்பள்ளிக் கட்டடத்தில் பெண்கள் கூட்டம், ஆண்களுக்குத் தனிக் கூட்டம், சண்டை நடக்கும் வீட்டுக்கு இருவராகப் போய்ப் பேசுவது. பங்குனியோடு பணம் முடிகிறது. "வன்முறை எத்தனை வீதம் குறைந்தது?" என்று பணம் தருபவர்கள் கேட்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்புச் செய்தோம், கடைசிக் கணக்கு இன்னும் எடுக்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பது வருபவர்களுக்கு ஒவ்வொரு கோடு போடும் ஒரு கொப்பி. முதல் வருடம் உதவி தேடி வந்தவர்கள் 7 பேர், போன வருடம் 19. இணைப்பாளர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அனுப்பினால் திட்டம் தோல்வி எண்டு எழுதுவினம், கூட்டத்துக்கு வந்த ஆக்களின்ர கணக்கை மட்டும் போடுங்கோ" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களை எண்ணி, அடி நின்றதா என்று எப்படி அறிவது?

ஒரு பெண் முதல் வருடம் இரவு பதினொரு மணிக்குக் கை முறிந்து வந்தாள். போன ஆவணியில் அவளே பட்டப்பகலில் சைக்கிளில் வந்தாள். "கசிப்புக் குடிச்சிட்டு வந்து கத்தத் தொடங்கிட்டார், அடிக்க முதல் வந்திட்டன்" என்றாள். கொப்பியில் இரண்டும் ஒவ்வொரு கோடுதான்.

பதில்: வெண்புறா

அக்கா, அந்தக் கொப்பி வன்முறையை அளக்கவில்லை, உங்கள் மேல் உள்ள நம்பிக்கையை அளக்கிறது. 2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் நாடு முழுக்கக் கேட்டபோது, ஐந்தில் ஒரு பெண் வாழ்நாளில் துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறை பட்டதாகச் சொன்னார். பொலிசுக்கும் சங்கத்துக்கும் வருவது அதில் சிறு துண்டு. திட்டம் நன்றாக நடந்தாலே முதலில் கோடு கூடும். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காயம் இருந்ததா, அடிக்கு முன் வந்தாளா பின் வந்தாளா என்று எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ரீச்சர், விசுவமடு

தங்கச்சி, முதல் கணக்கெடுப்பு எந்த மாதம் செய்தீர்கள்? எங்கள் பக்கம் காலபோக அறுவடைக் காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் குடியும் சண்டையும் உச்சம். மாரிக்கு முன் எடுத்ததை அறுவடைக்குப் பின் எடுத்ததோடு ஒப்பிட்டால் பொய்யான விடைதான் வரும். சங்கத்துப் பெண்களே கேட்கவும் கூடாது. மச்சாளிடம் யார் உண்மை சொல்வாள்?

பதில்: மருதடி

உகண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டத்தை அளந்த விதம் பாருங்கள். எட்டுச் சமூகங்கள், நான்கில் முதலில் திட்டம், மற்ற நான்கில் பிறகு. 2007–08இலும் 2012இலும் வீடுவீடாகப் போய், "கடந்த 12 மாதத்தில் அறைந்தாரா, தள்ளினாரா" என்று செயலின் பெயர் சொல்லிக் கேட்டார்கள். 'வன்முறை' என்ற சொல்லைக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். திட்டம் நடந்த இடங்களில் துணைவரின் உடல் வன்முறை மற்ற இடங்களைவிட 52 வீதம் குறைவு. எட்டே சமூகங்கள் என்பதால் அந்த எண்ணில் நிச்சயமின்மையும் பெரிது. ஒற்றைக் கிராமத்தை வைத்து நீங்கள் வீதம் சொல்லவே வேண்டாம்.

கேட்கப் போனால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், கணவர் இல்லாத நேரம், 'பெண்கள் நலம்' என்ற பெயரில் கேளுங்கள். அழுதால் அனுப்ப ஒரு இடம் வேண்டும். வன்முறை பட்ட பெண்களுக்கு உதவும் ஆஸ்பத்திரி நட்பு நிலையமோ, பெண்களுக்கான 1938 உதவித் தொலைபேசி இலக்கமோ கையில் இருக்கட்டும்.

பதில்: குளக்கட்டு

ரீச்சர், முதல் கணக்கு ஆவணியில் எடுத்தது. கடைசிக் கணக்கை மாசியில் எடுக்க இருந்தோம்! அடுத்த ஆவணி வரை அவகாசம் கேட்டு நேற்றே கடிதம் எழுதினேன், பக்கத்துக் கிராமத்திலும் கேட்க வேண்டும் என்று சேர்த்து. தம்பிக்குக் கோபம், ஆனால் கையெழுத்து வைத்தார்.

இரவு கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வருட 7 பேரில் 6 பேர் காயத்தோடு வந்தவர்கள். போன வருட 19 பேரில் 5 பேர். ஆனால் அந்த முதல் 7 பேரில் இருவர் பிறகு வரவேயில்லை. அடி நின்றதா, வாசல் அடைபட்டதா தெரியவில்லை. ஒருத்தியின் பிள்ளை எங்கள் முன்பள்ளியில்தான். திங்கட்கிழமை காலை பிள்ளையை விட வருவாள், வாசலில் நிற்கப் போகிறேன்.