ஒன்டாரியோவில் சட்ட வேலை தேடுபவர்களுக்கு: ஊரில் செய்த வேலையை ஒரே வரியில் முடிக்காதீர்கள்

ஊரில் சட்டம் படித்து, ஓரிரண்டு வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துவிட்டு டொரோண்டோ பக்கம் வந்தவர்களுடைய ரெஸ்யூமே எனக்கு அடிக்கடி வருகிறது. "அக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் ஒரே சிக்கல்தான். மதுரையிலோ திருச்சியிலோ கோர்ட் படியேறிய வருடங்கள் ஒற்றை வரியில் அடங்கியிருக்கும். இங்கே வந்தபின் காபிக் கடையில் பார்த்த பகுதிநேர வேலை ஐந்து வரிக்கு விரிந்திருக்கும். கனடா அனுபவம்தான் இங்கே செல்லும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே நம்பி, தன் தொழிலைத் தானே மறைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. ஸ்காபரோவின் சின்ன சட்ட அலுவலகங்களில் வேலை பார்த்தும் ஆள் எடுத்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டொரோண்டோ நடுவில் பே ஸ்ட்ரீட்டில் இருக்கும் பெரிய சட்ட நிறுவனங்களின் கதை வேறு.

முதலில் ஊரில் படித்தவர் இங்கே வக்கீலாகும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடும் என்சிஏ என்ற குழு உங்கள் பட்டத்தையும் மதிப்பெண்களையும் பார்த்து, எந்தெந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்று சொல்லும். கனடாவின் அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் நெறி இந்த ஐந்தும் மையப் பாடங்கள். ஒப்பந்தம், சொத்து, டார்ட் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பது பற்றிய சட்டம்) போன்றவை சிலருக்குக் கூடுதலாக வரும். சட்ட ஆய்வும் எழுத்தும் என்ற பகுதி 2022 முதல் கட்டாயம். தேர்வு மூன்று மணி நேரம், புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், 50 எடுத்தால் தேர்ச்சி. பார்த்து எழுதுவதுதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், பக்கம் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. என்சிஏ சான்றிதழ் கையில் வந்ததும் லா சொசைட்டி ஆஃப் ஒன்டாரியோவில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். செய்முறைப் பயிற்சிக்கு ஒரு வக்கீலிடம் 8 முதல் 10 மாதம் ஆர்ட்டிக்ளிங் செய்யலாம். இல்லாவிட்டால் டொரோண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் 2014 முதல் நடத்தும் எல்பிபி என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது: 4 மாதம் பயிற்சி, 4 மாதம் அலுவலக வேலை. உரிமம் கொடுக்கும் முறையை மாற்றுவது பற்றிப் பேச்சு நடந்துவருவதால், பணம் கட்டும் முன் சொசைட்டியின் அன்றைய விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

குடியுரிமை இல்லாமல் வக்கீலாக முடியுமா என்று பலர் பயப்படுகிறார்கள். முடியும். வக்கீலாகக் குடியுரிமை வேண்டும் என்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்த விதியை 1989-ல் ஆண்ட்ரூஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. என்சிஏ அரசமைப்புப் பாடத்தில் சமத்துவ உரிமைக்கு வரும்போது நீங்களே இந்தத் தீர்ப்பைப் படிப்பீர்கள். வேலை செய்ய பெர்மிட் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

தேர்வெல்லாம் முடிந்தபின் வேலை தேடலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். என்சிஏ எழுதும் காலத்திலேயே ஏதாவது ஒரு சட்ட அலுவலகத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். லா கிளர்க், லீகல் அசிஸ்டன்ட், வரவேற்பு மேசை என்று எந்தப் பெயரில் கிடைத்தாலும் சரி. ஆர்ட்டிக்ளிங் எடுப்பவர் தேடுவது ஒரு ஃபைலை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆளை. அந்த நம்பிக்கை கூடவே வேலை பார்க்கும்போதுதான் வரும். டொரோண்டோவில் கோடையில் முறைப்படி நடக்கும் ஆர்ட்டிக்ளிங் ஆள் எடுப்புக்கும் விண்ணப்பியுங்கள், தப்பில்லை. ஆனால் நம்மவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நேரடியாகக் கேட்டுத்தான் இடம் பிடித்தார்கள்.

இப்போது ரெஸ்யூமே. கீழே உள்ளது ஒரு தம்பி அனுப்பியது, ஊர் அடையாளத்தை எடுத்துவிட்டேன்.

"ஜூனியர் அட்வகேட். சிவில் வழக்குகளில் சீனியருக்கு உதவினேன்."

கூப்பிட்டுப் பேசினேன். "சீனியர் என்ன வேலை கொடுப்பார்?" என்றேன். "பேங்க் லோனுக்கு லீகல் ஒப்பீனியன் பார்ப்போம்க்கா" என்றான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மூலப் பத்திரத்திலிருந்து கிரயப் பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறான். முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறான். பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாத இடத்தைக் குறித்து, வாரிசுச் சான்று கேட்டு எழுதியிருக்கிறான். ஒரு பவர் பத்திரம் கொடுத்தவர் இறந்தபின் அதை வைத்து நடந்த விற்பனையைக் கண்டுபிடித்து, கடன் கொடுக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதியதும் அவன்தான். இதைத்தானே இங்கே ரியல் எஸ்டேட் சட்ட அலுவலகம் தினமும் செய்கிறது? ஒன்டாரியோவின் நிலப் பதிவுகளைப் பார்க்கும் டெராவியூ தளத்தில் உரிமையைத் தேடுவது, அடமானம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பது, காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் அந்தக் கட்டடத்தின் நிதி நிலையையும் விதிகளையும் சொல்லும் ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட்டைப் படிப்பது. கருவி வேறு, படிவம் வேறு, கண் ஒன்றுதான்.

அந்த ஒரு வரியை நாங்கள் இப்படி மாற்றினோம்: "வங்கிக் கடனுக்கான சொத்து ஆவணங்களை ஆய்வு செய்து, 30 ஆண்டு உரிமைத் தொடர்ச்சியைச் சரிபார்த்து, குறைபாடுகளைச் சுட்டிக்காட்டும் கருத்துரையின் முதல் வரைவைத் தயாரித்தேன்." சொந்தமாக எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அவன் செய்ததைச் செய்தபடி எழுதினோம், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும். லோக் அதாலத்தில் உட்கார்ந்திருந்தால் அது சமரசப் பேச்சு அனுபவம். ஜீவனாம்ச மனு வரைந்திருந்தால் குடும்ப வழக்கு அலுவலகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. விபத்து நஷ்டஈட்டு வழக்கில் மருத்துவப் பில்லை அடுக்கியவருக்கு இங்கே விபத்துப் பலன்களுக்கான ஓசிஎஃப்-1 படிவம் புரிய வெகு நாள் ஆகாது.

ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், திருமணம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். கவர் லெட்டர் ஒரு பக்கம். "மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன்" என்ற தொனியை ஆங்கிலத்திலும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதை போதும், கெஞ்சல் வேண்டாம்.

தமிழ் தெரியும் என்பதைக் கடைசி வரியில் பொழுதுபோக்குகளுக்குப் பக்கத்தில் போடுகிறீர்கள். அதை மேலே கொண்டுவாருங்கள். ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டனில் தமிழில் பேசி வாக்குமூலம் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் அலுவலகத்துக்குப் பெரிய ஒத்தாசை. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லும் பகுதி இருக்கிறது. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒரு அம்மா அதைச் சொல்லும்போது, எந்த மாதம், எந்த முகாம் என்று பொறுமையாகக் கேட்டு வரிசைப்படுத்த, மொழி தெரிந்தால் மட்டும் போதாது, மனிதரும் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட அலுவலகத்துக்கு இன்டர்வியூ போகிறவர்கள் இரண்டு தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள். அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் சொல்லும் வாய்ப்பு வேண்டும் என்ற 1985 சிங் வழக்கு ஒன்று. சித்திரவதை அபாயம் உள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய 2002 சுரேஷ் வழக்கு இன்னொன்று, அது நம் சமூகத்திலிருந்தே போன வழக்கு. இரண்டும் கனடியத் தீர்ப்புகளைத் தொகுக்கும் கேன்லீ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

எங்கே தேடுவது? வேலைத் தளங்களைப் பாருங்கள், ஆனால் அதிலேயே மூழ்க வேண்டாம். லா சொசைட்டியின் பொது அடைவில் வக்கீல்களைத் தேடலாம். உங்களுக்குப் பிடித்த துறையில், ஒன்றிலிருந்து ஐந்து வக்கீல் வரை இருக்கும் அலுவலகங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். "வேலை இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்வது சுலபம். "நான் ஊரில் சொத்து ஆவணம் பார்த்தவன், என்சிஏவில் மூன்று பாடம் முடித்திருக்கிறேன், உங்கள் அலுவலகத்தில் கிளர்க் வேலை எப்படி நடக்கிறது என்று பதினைந்து நிமிடம் பேச முடியுமா" என்று கேட்டால் சிலர் பதில் போடுவார்கள். சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஆஃப் ஒன்டாரியோ போன்ற சமூக சட்ட மையங்களில் தன்னார்வலருக்கு இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வீட்டு வாடகைத் தகராறு, குடிவரவு என்று நிஜமான ஆட்களின் நிஜமான பிரச்சினைகளை அங்கே பார்க்கலாம்.

இன்டர்வியூவில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சட்டக் கேள்வியில் இல்லை. "ஒரு கஷ்டமான கிளையன்டைச் சமாளித்த அனுபவம் சொல்லுங்கள்" என்று கேட்டால், "கிளையன்டிடம் பொறுமையாக நடந்துகொள்ள வேண்டும்" என்று உபதேசமாகப் பதில் வரும். அவர்கள் கேட்பது நடந்த ஒன்றை. பாகப்பிரிவினை வழக்கில் வாய்தா மேல் வாய்தா விழுந்து, கிளையன்ட் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார் என்றால் அதைச் சொல்லுங்கள். அவரை உட்கார வைத்தது யார், வழக்கு நாட்குறிப்பைத் திறந்து ஒவ்வொரு தேதியிலும் என்ன நடந்தது என்று காட்டியது யார், அடுத்த தேதிக்கு முன் அவரே கொண்டுவர வேண்டிய ஆவணத்தை எழுதிக் கொடுத்தது யார்? நீங்கள் என்றால் "நான்" என்று சொல்லுங்கள். "நாங்க பண்ணினோம், சார் பண்ணச் சொன்னார்" என்று நாம் அடக்கத்தால் சொல்வது, இங்கே எதிரே இருப்பவருக்கு இவர் எதுவும் செய்யவில்லை போலிருக்கிறது என்று கேட்கும்.

தமிழ் அலுவலகங்களில் கண்டிப்பாக வரக்கூடிய இன்னொரு கேள்வி ரகசியம் காப்பது பற்றி. உதாரணத்துக்கு: "கிளையன்டின் அத்தை மகன் போன் செய்கிறார். உங்களையும் கோயிலில் பார்த்துப் பழக்கம். 'அண்ணன் வீட்டு குளோசிங் என்னாச்சு, வெள்ளிக்கிழமை முடிஞ்சிடுமா' என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?" (குளோசிங் என்றால் வீட்டு வாங்கல் விற்பனை முடிந்து கைமாறுவது.) விவரம் சொல்ல மாட்டேன் என்பது பாதிப் பதில்தான். அண்ணன் நம் கிளையன்டா இல்லையா என்பதையே சொல்லக்கூடாது. "அலுவலக விஷயம் எதையும் போனில் பேச முடியாது அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று முடித்துவிட்டு, இப்படி ஒரு போன் வந்தது என்று வக்கீலிடம் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் இது. ஒரு வாய்ச்சொல்லில் அலுவலகத்தின் பெயர் போய்விடும். இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரைத்தான் நான் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவேன். கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்காமல் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதும் இதே வகைதான். முடியாது என்று சொல்லிவிட்டு, மேலே இருப்பவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்றெல்லாம் இன்டர்வியூவில் கேட்க ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் இடம் தராது. ஆனாலும் நம் ஆட்களின் அலுவலகத்தில் "எந்த ஊர், யாருடைய மகள்" என்று பேச்சு தொடங்கிவிடும். விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே "வேலையைப் பற்றிக் கேட்கவே ஆவலாக இருக்கிறேன்" என்று திருப்பிவிடுங்கள்.

கனடா அனுபவம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்கள் பொது விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கக்கூடாது என்பது 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் சட்டம். சம்பள வரம்பையும் பெரும்பாலான விளம்பரங்களில் போட வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தவருக்குக் கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சின்ன அலுவலகங்களுக்கு இது பொருந்தாது, அங்கே நீங்களே பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருக்கும் தங்கை ஒருவர், என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தார். மதிப்பெண் பட்டியலும் சட்டத்தரணிப் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லும் நன்னிலைக் கடிதமும் அந்தந்த நிறுவனத்திலிருந்து நேரடியாக என்சிஏவுக்குப் போக வேண்டும், உங்கள் கையிலிருக்கும் நகல் போதாது. விமானம் ஏறும் முன் அந்த நிறுவனங்களுக்கு நேரில் போய் விண்ணப்பித்துவிட்டு வாருங்கள் தங்கச்சி. இங்கிருந்து போனில் துரத்துவது பெரும்பாடு.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஆர்ட்டிக்ளிங் இடம் தருகிறேன், இவ்வளவு டாலர் கொடு என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இரண்டாவது, ஊரில் பார் கவுன்சிலில் பதிவு இருந்தாலும் ஒன்டாரியோ உரிமம் வரும்வரை உங்களை இங்கே வக்கீல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. லிங்க்ட்இனில் "அட்வகேட், இந்தியா; ஒன்டாரியோவில் உரிமம் பெறவில்லை" என்று தெளிவாகப் போடுங்கள். தெரிந்தவர்தானே என்று காசு வாங்கிக்கொண்டு விசா படிவம் நிரப்பிக் கொடுப்பதும் வேண்டாம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், அங்கே இது உங்களுக்கு எதிராக நிற்கும்.