புதுப்பிப்பு: அம்மாவின் டெரிபாராடைட் ஊசியும் தலைசுற்றலும்

முதுகெலும்பு முறிவுக்குப் பிறகு அம்மாவுக்குத் தினமும் 20 மைக்ரோகிராம் டெரிபாராடைட் (எலும்பை வலுப்படுத்தும் மருந்து) ஊசி ஆரம்பித்தார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் தலைசுற்றல், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு. நிறுத்திவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை.

ஆரம்ப நாட்களில் ஊசிக்குப் பின் எழுந்து நிற்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், அதுதான் சுற்றல் என்றார் டாக்டர். படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றச் சொன்னார். இப்போது அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே வயிற்று மடிப்பைப் பிடித்து, ஊசிப் பேனாவை (மருந்து நிரப்பிய, பேனா போன்ற ஊசி) அழுத்தி, மெதுவாக ஐந்து வரை எண்ணி எடுக்கிறார். அப்படியே சாய்ந்துவிடுகிறார். சுற்றல் அநேகமாக இல்லை. ஆனாலும் நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் எனக்குப் பதறுகிறது. இன்னொரு முறை விழக் கூடாதே!

கால்சியம் விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். முதல் பரிசோதனையில் அளவு கூடுதலாக வந்து எனக்குப் பயமாகிவிட்டது. ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தத்தில் கால்சியம் ஏறி, பிறகு தானே இறங்குமாம். அதனால் குறைந்தது 16 மணி நேரம் கழித்துத்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டு மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கொடுத்தோம். நார்மல்.

கால் பிடிப்பு குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. ஊசிக்காலம் முடிந்ததும் வேறு மருந்தைத் தொடராவிட்டால் கூடிய எலும்பு அடர்த்தி திரும்பக் குறைந்துவிடுமாம். எந்த மருந்து என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.