லூபஸ் சிறுநீரக அழற்சி: மாத்திரையா, ஊசியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 24 வயது. வரன் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் கண்டு பரிசோதித்தோம். உடலின் எதிர்ப்பாற்றலே உடலுறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது என்றும், பரவலான பாதிப்பு கொண்ட நான்காம் வகை என்றும் பயாப்சியில் தெரியவந்தது. ஸ்டீராய்டுடன், எதிர்ப்பாற்றலை அடக்கும் மைகோஃபினோலேட் மாத்திரையோ சைக்ளோபாஸ்பமைடு ஊசியோ தொடங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஊசிதான் வலுவானது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்று கேட்டதிலிருந்து அம்மா அஞ்சுகிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

மறுமொழி 1 (சிறுநீரக மருத்துவர்)

வலுவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 370 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆல்ம்ஸ் ஆய்வில், 24 வாரங்களுக்குப் பின் மைகோஃபினோலேட் எடுத்தவர்களில் சுமார் 56 விழுக்காட்டினரும், சைக்ளோபாஸ்பமைடு பெற்றவர்களில் 53 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று.

உங்கள் தங்கையின் வயதில் முதலில் எண்ண வேண்டியது மகப்பேறு. சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கக்கூடியது. மொத்த அளவும் வயதும் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். மாதம் ஒருமுறை அதிக அளவில் கொடுக்கும் பழைய முறையைவிட, இரு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு முறை, மொத்தம் 3 கிராம் மட்டுமே கொடுக்கும் ஐரோப்பிய முறையில் அது மிகக் குறைவு. மைகோஃபினோலேட் சினைப்பையைக் கெடுப்பதில்லை, ஆனால் கருவைக் கெடுக்கும். ஆகவே கருத்தரிப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது அதை நிறுத்தி, கருவுற்றபோதும் எடுக்கக்கூடிய அசாதியோப்ரின் மருந்துக்கு மாற வேண்டும், அதுவரை நம்பகமான கருத்தடை தேவை. நாளுக்கு இருவேளை மாத்திரையைத் தவறாமல் விழுங்க முடியாதவர்களுக்கு மருத்துவமனையிலேயே ஏற்றப்படும் ஊசி மேலானது. எதைத் தேர்ந்தாலும், தடை ஏதும் இல்லாவிட்டால் லூபஸுக்கான அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடன் இருக்க வேண்டும்.

மறுமொழி 2

நானும் இதே நோய்க்கு மைகோஃபினோலேட் எடுத்தவள். முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு வாட்டியது. மருத்துவர் அளவைப் பிரித்துக் கொடுத்த பின் தணிந்தது. ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது. வீக்கம் வற்றி முகம் தெளிந்ததும், "இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். சிறுநீரில் புரதம் முழுதாகக் குறைய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்; தொடக்கச் சிகிச்சையும் பராமரிப்பும் சேர்ந்து குறைந்தது 36 மாதங்கள் நீடிக்க வேண்டும் என்பது கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஸ்டீராய்டையோ திடீரென நிறுத்தவே கூடாது. திருமணப் பேச்சுக்காக மருந்தை மறைத்து, பிறகு கைவிட்டு, நோய் திரும்பிய பெண்களை அறிவேன். அது மிகவும் வேதனையானது. தயவுசெய்து மருத்துவரிடம் பேசும்போது தங்கையையே பேச விடுங்கள்.

மறுமொழி 3

மருந்து தொடங்கும் முன் காசநோய் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளும், கடையில் கேட்டு வாங்கும் வலிநிவாரணிகளும் ஆகா.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தங்கையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாத்திரையைத் தவறவிட மாட்டேன் என்று சொல்லி அதையே விரும்புகிறாள். பின்னாளில் அசாதியோப்ரினுக்கு மாறும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

மறுமொழி 1 (சிறுநீரக மருத்துவர்)

உண்டு. நுட்15 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் வெள்ளணுக்கள் திடீரெனக் குறையும். ஆசியர்களிடம் இம்மாற்றம் ஐரோப்பியர்களைவிட அதிகம். மரபணுச் சோதனை செய்ய இயலாவிட்டால், குறைந்த அளவில் தொடங்கி, முதல் சில வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.