டொராண்டோவில் தக்காளி நாற்றை எப்போது வெளியே வைப்பது? முதல் வசந்தத்தைப் பார்ப்பவர்களுக்கு

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்கும் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். ஏப்ரலில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்ததும் "தக்காளி நாற்றை வெளியே வைக்கலாமா?" என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். மே மாதம் விக்டோரியா டே விடுமுறை வரை பொறுங்கள். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது, ஆகவே ஒவ்வொரு வருடமும் 18க்கும் 24க்கும் நடுவில் வரும். இங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போடுகிறவர்கள் அந்த வாரயிறுதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஸ்கார்பரோவில் பின்வளவு முழுக்கக் கத்தரியும் மிளகாயும் பாகலும் போடுகிற யாழ்ப்பாணத்து அம்மாக்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதைப் புரிந்துகொண்டால் தேதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். நம் ஊரில் வெயிலைப் பார்த்து நடுவோம், மழையைப் பார்த்து நடுவோம், இரவு என்ன குளிர் என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே பார்க்க வேண்டியதே இரவைத்தான். பகலில் 20 டிகிரி தொட்ட அதே வாரத்தில் இரவு 0க்குக் கீழே போவது ஏப்ரலில் சாதாரணம், மே முதல் பாதியிலும் நடக்கும். தக்காளி தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த செடி, உறைபனியைத் தாங்கும் உடம்பு அதற்கு இல்லை. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் செல்கள் கிழிந்துவிடும், காலையில் வெயில் பட்டதும் செடி வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும்.

வானிலை ஆப்பில் 3 டிகிரி என்று போட்டிருக்கிறதே, 0 இல்லையே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அந்த அளவு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக் காற்றுக்கு உரியது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய இடம் மேலே இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ந்துபோகும். அதனால் ஆப்பில் 2, 3 என்று காட்டுகிற தெளிந்த இரவில் உங்கள் நாற்றின் இலைமேல் உறைபனி படியலாம். என்விரான்மென்ட் கனடாவின் வெதர்கேன் ஆப்பை ஃபோனில் போட்டு, உங்கள் இடத்துக்கான எச்சரிக்கைகளை ஆன் செய்துவையுங்கள்.

உறைபனி இல்லாவிட்டாலும் குளிர் தன் வேலையைக் காட்டும், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இரவு 10 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் செடி சாகாது, ஆனால் வளராது. குளிர்ந்த மண்ணில் வேர் பாஸ்பரஸை எடுக்க முடியாமல் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும். உடனே உரக்குறைவு என்று நினைத்துக் கடைக்கு ஓடுவோம், அதற்குத் தேவை உரமே இல்லை, கொஞ்சம் சூடுதான். மே முதல் வாரத்தில் நட்டுக் குளிரில் ஒடுங்கிப்போன செடியைவிட மே கடைசியில் சூடான மண்ணில் நட்ட செடிதான் பெரும்பாலும் முந்திக்கொண்டு காய்க்கும். சீக்கிரம் நட்டால் சீக்கிரம் பழம் என்ற கணக்கு இந்த ஊருக்குப் பொருந்தாது.

ஆகவே இரண்டு அளவு போதும். அடுத்த பத்து நாள் முன்னறிவிப்பில் எந்த இரவும் 10க்குக் கீழே போகக்கூடாது. மண் காலை நேரத்தில், ஒரு விரல் நீள ஆழத்தில், 15 டிகிரியாவது இருக்க வேண்டும். மண்ணுக்கென்று தனிக் கருவி தேவையில்லை, சமையலறையில் கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரே போதும், கழுவி வைத்துக்கொள்ளலாம். பலகை அடித்து உயர்த்திய பாத்தியும் கறுப்புத் தொட்டியும் தரையைவிடச் சீக்கிரம் சூடேறும், அவற்றில் சில நாள் முன்னதாக வைக்கலாம். ஏரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரவு உறைபனி கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிடும், வடக்கே நியூமார்க்கெட், பாரி பக்கம் போகப் போகத் தள்ளிப் போகும்.

"கடைகளிலெல்லாம் நாற்று வந்துவிட்டதே, அப்போ நடலாம்தானே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கிங்கில் கூடாரம் போட்டு நாற்று விற்பது ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடும். அவை சூடான கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தவை, கடைக்காரர்கள் இரவில் மூடியோ உள்ளே எடுத்தோ பாதுகாக்கிறார்கள். விற்பனைக்கு வந்துவிட்டதால் நடும் காலமும் வந்துவிட்டது என்று ஆகாது. நல்ல ரகம் தீர்ந்துவிடும் என்று பயமாக இருந்தால் வாங்கி வீட்டுக்குள் நல்ல வெளிச்சமான ஜன்னலோரம் வைத்திருங்கள். வாங்கும்போது குட்டையாக, தண்டு பருத்து, கரும்பச்சையாக இருப்பதை எடுங்கள். சின்னத் தொட்டியிலேயே பூவும் காயுமாக நிற்கும் உயரமான செடி கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும், நட்ட பிறகு நிலைகொள்ள நாளாகும்.

லேபிளில் ஒரு எண் இருக்கும், 55 நாள், 75 நாள் என்று. அது விதை போட்ட நாளிலிருந்து கணக்கில்லை, நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரை. மே கடைசியில் நட்டால் 75 நாள் ரகம் ஆகஸ்ட் முதல் பாதியில் பழுக்கும். அக்டோபரில் மறுபடி உறைபனி வந்துவிடும், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற பருவம். முதல் வருடம் என்றால் செர்ரி தக்காளியில் ஒன்று, ரோமாவில் ஒன்று வையுங்கள். சங்கோல்ட் மாதிரி செர்ரி ரகங்கள் 60 நாளுக்குள் பழுத்துவிடும், பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்பார்கள். ரோமா சதைப்பற்று அதிகம், தண்ணீர் குறைவு, தொக்குக்கும் குழம்புக்கும் நன்றாகக் குழையும். பீஃப்ஸ்டேக் மாதிரி பெரிய பழ ரகங்கள் 80 நாளுக்கு மேலே எடுக்கும், அவற்றை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். பால்கனிக்காரர்கள் லேபிளில் டிடெர்மினேட் என்றோ பேட்டியோ என்றோ போட்டிருப்பதை வாங்குங்கள், அது ஓர் உயரத்தோடு நின்றுவிடும். இன்டிடெர்மினேட் என்றால் உறைபனி வரும்வரை ஏறிக்கொண்டே போகும், ஆள் உயரக் கம்பு வேண்டும்.

இப்போது நாற்றைப் பழக்குவது. வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூடத்திலோ வளர்ந்த நாற்றுக்கு நேர் வெயிலும் தெரியாது, காற்றும் தெரியாது. ஒரேயடியாக வெளியே வைத்தால் இலை வெளுத்துக் காகிதம் போலாகிவிடும், இங்கே அடிக்கிற காற்றில் தண்டு முறிந்தும் போகும். அதனால் நடுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே பழக்குங்கள். முதல் நாள் நிழலில், காற்று மறைவான சுவரோரம், ஒரு மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு நாளும் நேரத்தைக் கூட்டி, மெல்லக் காலை வெயிலுக்கு நகர்த்தி, கடைசியில் முழு வெயில். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், கடைசி இரண்டு மூன்று இரவு 10க்கு மேலே இருந்தால் மட்டும் வெளியே விடலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது கஷ்டம்தான். நீண்ட வாரயிறுதிக்கு முந்தைய சனி ஞாயிறில் தொடங்கி, வார நாட்களில் வேலை முடிந்து வந்ததும் மாலையில் வெளியே வைத்தால் சமாளிக்கலாம், மே மாதம் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கிறதே.

நடும் நாள் மேகமூட்டமாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் மாலையில் நடுங்கள். வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது விழும் இடம் வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. தக்காளியை ஆழமாக நட வேண்டும், இது மற்றப் பெரும்பாலான செடிகளுக்குச் செய்யக்கூடாதது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று அடுக்கு இலை மட்டும் தெரியும்படி தண்டைப் புதையுங்கள், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். ஜன்னலோரத்தில் வெளிச்சம் போதாமல் ஒல்லியாக நீண்டுபோன நாற்றைத் தூக்கிப்போட வேண்டாம், அதற்கும் இதுதான் வழி. குழியை ஆழமாகத் தோண்டினால் கீழே மண் சில்லென்று இருக்கும், அதனால் ஒரு முழ நீளத்துக்கு மேலோட்டமான பள்ளம் பறித்து, தண்டைப் படுக்கவைத்து, நுனியை மட்டும் மெதுவாக மேலே வளைத்துவிடுங்கள். இரண்டு நாளில் தானே நிமிர்ந்துகொள்ளும். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விடுங்கள், நெருக்கினால் ஆகஸ்டில் இலை நோய் வரும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வரிசையாகக் கட்டும் குடியிருப்புகளில் (சப்டிவிஷன்) மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள், புல்தரைக்குக் கீழே கொஞ்சம் தோண்டினால் வெறும் களிமண். அதில் நேராக நட்டால் வேர் இறங்காது. தோட்டக் கடைகளில் ட்ரிப்பிள் மிக்ஸ் என்று கேளுங்கள், மேல்மண், பீட் (மக்கிய பாசி), கம்போஸ்ட் மூன்றும் கலந்தது. அதோடு ஆட்டு எரு மூட்டை ஒன்று சேர்த்தால் நாலு செடிக்குத் தாராளம். சில நகராட்சிகள் வசந்த காலத்தில் கம்போஸ்ட்டை இலவசமாகவே தருகின்றன, உங்கள் நகராட்சியின் இணையதளத்தைப் பாருங்கள். ஈரம் காயாத களிமண்ணைக் கொத்தாதீர்கள், காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்னதை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 5 கேலன் வாளியில் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டால் ஒரு வாளிக்கு ஒரு செடி, வீடு மாறினால் தூக்கிக்கொண்டும் போகலாம். வாளிக்குத் தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள், தொட்டிக்கென்று விற்கும் மண்கலவை வாங்குங்கள்.

நட்ட பிறகும் ஒரு குளிர் இரவு வரலாம். பழைய வேட்டி, சாரம், பெட்ஷீட் எது இருந்தாலும் பொழுது சாயும்போதே மூடுங்கள், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். துணி தரை வரை தொங்க வேண்டும். பிளாஸ்டிக்கை இலைமேல் படும்படி போடக்கூடாது, பட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். வெட்டுப்புழு இரவில் தண்டைத் தரையோடு அறுத்துவிடும், நடும்போதே தண்டைச் சுற்றி அட்டை வளையம் ஒன்றை மண்ணில் பாதி புதைத்து வைத்தால் தொல்லை இல்லை.

அக்கா ஒருவர், காய் அடியில் கறுத்து அழுகுவதற்கு முட்டை ஓடு போடலாமா என்று கேட்டிருந்தார். அக்கா, அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது, மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று தண்ணீர் விடுவதால்தான் பெரும்பாலும் வரும். காலையில் வேரடியில் சீராக விட்டு, மண்ணை வைக்கோலால் மூடிவிடுங்கள், அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும்.

அதுவரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா, ஏப்ரலிலேயே போடக்கூடியவை நிறைய உண்டு. கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி, பாலக், வெங்காயத்தாள் எல்லாம் குளிரைத் தாங்கும். கொத்தமல்லியை இப்போதே தூவிவிடுங்கள், ஜூன் சூட்டில் பூத்துவிடும். வெந்தயக்கீரையை மே தொடக்கத்தில் போடலாம். மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல், புடலை, முளைக்கீரை எல்லாம் தக்காளியைவிடச் சூடு கேட்பவை, ஜூன் முதல் வாரம்தான். கறிவேப்பிலைத் தொட்டியையும் அதுவரை வெளியே எடுக்காதீர்கள். ஊரிலிருந்து விதை கொண்டுவர நினைப்பவர்கள் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவித்துவிடுங்கள், மறைத்துக் கொண்டுவந்து மாட்டினால் அபராதம்.

கல்கரி, எட்மன்டன், வின்னிபெக் பக்கம் இருப்பவர்கள் என் தேதியைப் பின்பற்றாதீர்கள், உங்களுக்கு மே கடைசி, ஜூன் தொடக்கம் ஆகிவிடும். அங்கே சில வருடமாவது தோட்டம் போட்டவர்கள் கீழே உங்கள் ஊர்ப் பெயரோடு, எந்த வாரம் நடுகிறீர்கள், எந்த ரகம் பருவத்துக்குள் பழுக்கிறது என்று எழுதுங்கள், புதிதாக வந்தவர்களுக்கு உதவும்.