ரூபி வூவை அரக்கு என்று சொன்னது யார்?

சிவப்புப்பெட்டி:
மேக் கம்பெனியின் ரூபி வூ லிப்ஸ்டிக்கைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. “மேக் ரூபி வூ, மேக் ரூபி வூ என்று குதிக்கிறீர்களே, அது நம்ம அரக்கு கலர்தான். காஞ்சிபுரத்தில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அதற்குப் போய் இரண்டாயிரம் ரூபாயா?” என்று எழுதியிருந்தார். இரண்டாயிரத்தைப் பற்றி நான் பேசவில்லை, அவரவர் காசு. அரக்கு என்று சொன்னதை மட்டும் விட முடியாது.

என்னிடம் 64 லிப்ஸ்டிக் இருக்கிறது. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். சித்திரை வெயிலில் லிப்ஸ்டிக் வியர்க்கும், மேலே முத்து முத்தாக எண்ணெய் கட்டும். அதனால் பிடித்த பன்னிரண்டை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிகளில் நிற்க வைத்திருக்கிறேன். முட்டை காய்கறிக்கூடையில் கிடக்கிறது. அந்தப் பன்னிரண்டில் மெஹர் உண்டு, அது அழுக்கேறிய ரோஸ், ஆபீஸுக்கு. சில்லி உண்டு, செங்கல் நிறம், என் மாநிறத்துக்கு அதைவிடப் பொருந்துவது எதுவும் இல்லை. டீவா உண்டு, ராத்திரிக் கல்யாண ரிசப்ஷனுக்கு. முதல் குழியில் ரூபி வூ. அது நீலச் சாயல் உள்ள சிவப்பு. அதனால்தான் அதைப் பூசினால் பல் வெள்ளையாகத் தெரிகிறது. அரக்கு பழுப்புச் சாயல் உள்ள சிவப்பு. இரண்டும் ஒன்றா?

தறிவீடு:
“ஒருவர்” என்ன ஒருவர்? எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. மாம்பழ மஞ்சள் உடம்புக்கு அரக்குக் கரையைக் கோர்வை போட்டு நானே எத்தனை புடவை இறக்கியிருக்கிறேன் தெரியுமா? எனக்கு அரக்கு தெரியாதாம், ஃபிரிட்ஜில் முட்டையை எடுத்துவிட்டு லிப்ஸ்டிக் வைப்பவருக்குத் தெரியுமாம். என் தங்கையிடம் ரூபி வூ இருக்கிறது. டியூபைத் திறந்து ஒரு அரக்கு முந்தானையில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. அரக்குதான்.

அப்புறம், நீலம் கலந்த சிவப்பு என்கிறீர்கள். சிவப்பில் நீலம் கலந்தால் கத்தரிப்பூ வரும் மேடம். இது சாயம் முக்குகிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

சிவப்புப்பெட்டி:
கலந்த என்று நான் எழுதவே இல்லை. “சாயல்” என்று எழுதினேன். மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள். மேக் கம்பெனியே அதை நீலச் சிவப்பு என்றுதான் சொல்கிறது. செய்தவனுக்குத் தெரியாதது உங்கள் முந்தானைக்குத் தெரிந்துவிட்டதா?

டொரொன்டோ தாரணி:
அக்கா சொல்வது சரி. நான் இருப்பது டொரொன்டோ. மேக் 1984இல் தொடங்கினதே எங்கட ஊரில்தான், முதலில் ஃபோட்டோ எடுக்கிற மேக்கப் ஆட்களுக்காகச் செய்த சாமான். ஃபோட்டோவில் நிறம் சரியாக விழவேண்டும் என்று பார்த்துச் செய்தவர்களுக்கு நீலம் எது, பழுப்பு எது என்று தெரியாதா?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் கலியாணத்துக்கு அம்மாவின் கூறைச் சேலையைத்தான் உடுத்தினேன், நல்ல அரக்குச் சிவப்பு. அதற்கு ரூபி வூதான் பூசினேன். பொருந்தினது.

தறிவீடு:
பார்த்தீர்களா? உங்கள் பக்கத்துச் சாட்சியே சொல்லிவிட்டது.

சிவப்புப்பெட்டி:
பொருந்துவது வேறு, அதே நிறமாக இருப்பது வேறு! மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பொருந்துகிறது என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் மாம்பழமும் அரக்கும் ஒரே நிறமா? தாரணி, நீ உதவி செய்கிறாயா, உபத்திரவம் செய்கிறாயா?

டொரொன்டோ தாரணி:
உண்மையைச் சொன்னேன் அக்கா.

மாப்பிள்ளைபெஞ்ச்:
எல்லாம் சிவப்புதானே? போன மாதம் என் வீட்டம்மாவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். “இது என்கிட்ட இருக்கு” என்றாள். இருக்கிறதைக் காட்டு என்றேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன். “இல்லை, இது வேற” என்றாள். இருக்கிறது என்றதும் அவளே, வேற என்றதும் அவளே.

சிவப்புப்பெட்டி:
அவருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அரக்கு விஷயத்துக்கு வாருங்கள்.

வடசேரிவாசல்:
பெயரிலேயே ரூபி இருக்கிறதே, அதை யாராவது பார்த்தீர்களா? ரூபி என்றால் எங்கள் ஊரில் கெம்பு. நாகர்கோவில் வடசேரியில் பரதநாட்டிய நகை செய்கிற தெரு எங்களுடையது. சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஒட்டியாணம் எல்லாவற்றிலும் கெம்புக்கல்தான் பதிப்பார்கள். கெம்பை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு ரோஸ் ஓடும். ரூபி வூவிலும் அந்த ரோஸ் இருக்கிறது. அரக்கில் ரோஸ் கிடையாது.

சிவப்புப்பெட்டி:
அப்படிப் போடுங்கள்! தேங்காய் எண்ணெய் வைத்து ரூபி வூவைத் துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு போன பிறகு உதட்டில் ஒரு ரோஸ் கறை நிற்கும், மறுநாள் காலை வரை போகாது. அரக்கு என்றால் ரோஸ் கறை எங்கிருந்து வரும்?

தறிவீடு:
கெம்பு, கெம்பு என்கிறீர்கள். அந்தக் கெம்புக்கு அடியில் எதை வைத்துப் பதிக்கிறார்கள் என்று உங்கள் வடசேரித் தெருவிலேயே கேளுங்கள். அரக்கு!

வடசேரிவாசல்:
அது பிடிப்புக்கு வைக்கிற அரக்கு. அதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? நகை எடை போடும்போது அரக்கைக் கழிப்பார்கள். உங்கள் வாதத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

சாயக்கணக்கு:
திருப்பூரில் சாய ஆய்வகத்தில் 19 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. முதலில் அரக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்? தபாலில் முத்திரை வைக்கிற அரக்கு ஒரு நிறம், நகைக்குள் வைக்கிற அரக்கு இன்னொன்று. அரக்குப் பூச்சி விடுகிற பிசினைக் கழுவி எடுக்கிற சாயம் வேறு, படிகாரம் சேர்த்தால் நல்ல சிவப்பாக வரும், இரும்பு சேர்த்தால் கறுத்துவிடும். புடவைக்கடையில் அரக்கு என்று காட்டுவது இதில் எதுவும் இல்லை, கடைக்குக் கடை மாறும். இதைத் தீர்த்துக்கொள்ளாமல்…

தறிவீடு:
அரக்கு என்றால் அரக்கு. இதில் தீர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சிவப்புப்பெட்டி:
இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. அரக்கு எல்லோருக்கும் தெரியும். ரூபி வூ அது இல்லை, அவ்வளவுதான்.

சாயக்கணக்கு:
சரி, விடுங்கள். லிப்ஸ்டிக்கில் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றாவது பாருங்கள். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் சிஐ எண்கள் இருக்கும், எந்தச் சாயம் என்று சொல்கிற எண்கள். 15850 செயற்கைச் சிவப்பு. 77491 இரும்பு ஆக்சைடு, பழுப்புச் சாயலுக்கு அதுதான் காரணம். 75470 இருந்தால் கார்மைன், அது கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது.

மாப்பிள்ளைபெஞ்ச்:
பூச்சியா? உதட்டிலா? எங்கள் வீட்டில் வெங்காயம்கூடச் செவ்வாய், வெள்ளியில் சேர்ப்பதில்லை!

தறிவீடு:
கேளுங்கள் நன்றாக. இரண்டாயிரம் ரூபாய்க்குப் பூச்சி. 1952இல் டாட்டா நம்ம ஊர்ப் பெண்களுக்காக லக்மே ஆரம்பித்தார்கள். அதை வாங்க மாட்டார்கள், கனடாவிலிருந்து பூச்சி வரவேண்டும்.

சிவப்புப்பெட்டி:
கார்மைன் எல்லா லிப்ஸ்டிக்கிலும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, எண்ணைப் பாருங்கள் என்றார். அப்புறம் பூச்சியைப் பற்றி நீங்கள் பேசலாமா? ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை ஆயிரம் கூட்டுப்புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறீர்கள்? லக்மே என்னிடம் 11 இருக்கிறது. உள்ளூர் என்று உருகாதீர்கள். பெயர் பிரெஞ்சு ஓபராவிலிருந்து வந்தது, கம்பெனி யூனிலீவர் கைக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது.

உங்களுக்கு என் மேல் கோபம் இன்றைக்கு வந்தது இல்லை. போன தீபாவளிக்கு மயில் கழுத்து நிறம் பச்சையா நீலமா என்று இங்கே தகராறு வந்தபோது நான் நீலம் என்றேன். அன்றிலிருந்து.

தறிவீடு:
மயில் கழுத்து பச்சைதான். நீளவாக்கில் பச்சைப் பாவு, குறுக்கே நீல ஊடை. பாவுதான் நிறத்தைச் சொல்லும். அன்றைக்கும் நீங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அரக்கையே அப்படி எடுப்போம், சிவப்புப் பாவில் கறுப்பு ஊடை ஓட்டி.

சிவப்புப்பெட்டி:
நில்லுங்கள். கறுப்பு ஊடையா? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது! அரக்கில் கறுப்பு இருக்கிறது. ரூபி வூவில் கறுப்பு எங்கே இருக்கிறது? அரக்குக்குக் கிட்டே வரும் லிப்ஸ்டிக் வேண்டுமென்றால் அது டீவா. டீவாவை அரக்கு என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

தறிவீடு:
டீவா மெரூன்.

சிவப்புப்பெட்டி:
மெரூனா!

வடசேரிவாசல்:
டீவா மெரூன்தான் என்று எனக்கும் தோன்றுகிறது.

சிவப்புப்பெட்டி:
நீங்கள் கெம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டொரொன்டோ தாரணி:
கறுப்பு ஊடை, சிவப்புப் பாவு எல்லாம் சரி, ரூபி வூ பூசுகிற ஆட்கள் யாராவது அது எவ்வளவு காய்ஞ்ச சாமான் என்று சொல்லுங்கோ. சோக்குக்கட்டியால் உதட்டில் எழுதுகிற மாதிரி இழுக்கும். நான் முதலில் வாசலீன் பூசி, துடைத்து, பிறகுதான் அதைத் தொடுவேன்.

சிவப்புப்பெட்டி:
அது ரெட்ரோ மேட், பளபளப்பே இல்லாத வகை, அப்படித்தான் இருக்கும். அப்படி இருப்பதால்தான் சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வரைக்கும் நிற்கிறது. எண்ணெய்ப் பசை வேண்டுமென்றால் வேறு வாங்கிக்கொள்.

சாயக்கணக்கு:
தாரணி, அவரிடம் அது எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேளுங்கள். அட்டையில் மூடி திறந்த டப்பா படம் ஒன்று இருக்கும், அதற்குள் 24 எம் என்று போட்டிருந்தால், திறந்து 24 மாதம்தான். 64 லிப்ஸ்டிக்கை 24 மாதத்தில் ஒரு உதடு எப்படித் தீர்க்கும்?

சிவப்புப்பெட்டி:
என் உதடு, என் ஃபிரிட்ஜ். இது அரக்கா இல்லையா என்பதுதான் பேச்சு.

தறிவீடு:
பழசானால் கறுக்கும். அப்படியானால் உங்களுடையது இன்னும் நல்ல அரக்காகியிருக்கும்.

சாயக்கணக்கு:
ஆய்வகத்தில் நிறம் பொருத்திப் பார்க்க லைட் பாக்ஸ் என்று ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு வேறு விளக்கு. ஒன்றில் பொருந்துகிற இரண்டு துணி இன்னொன்றில் பொருந்தாது. தறிவீடு, நீங்கள் முந்தானையை எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

தறிவீடு:
வீட்டில்தான். ராத்திரி.

சிவப்புப்பெட்டி:
ராத்திரி! டியூப்லைட்டில்! ஜவுளிக்கடையில் பொம்பளைகள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது எதற்காம்? “வெளிச்சத்துல பார்த்துக்கங்கம்மா” என்று கடைப்பையனே சொல்வானே. மூன்று தலைமுறை தறி ஓட்டியவர் ராத்திரியில் நிறம் பார்த்திருக்கிறார்.

எனக்கும் சூடு கண்ட அனுபவம் உண்டு. ஒரு மாலில், மஞ்சள் விளக்குக்குக் கீழே கையில் கோடு போட்டுக் காட்டி, “உங்க ஸ்கின்னுக்கு இதுதான் மேடம் பர்ஃபெக்ட் நியூட்” என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஆட்டோவில் ஏறி கண்ணாடி பார்த்தால் காய்ச்சலில் பத்து நாள் படுத்த உதடு. அன்றிலிருந்து வெயிலில் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தறிவீடு:
அப்படியானால் வெயிலில் எடுத்துப் போடுங்களேன். பார்ப்போம்.

சிவப்புப்பெட்டி:
போடாமல்?

(மறுநாள் காலை)

சிவப்புப்பெட்டி:
காலை ஏழு மணி, மொட்டை மாடி, பளிச்சென்று வெயில். பக்கத்து வீட்டு மாமி வடாம் பிழிவதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னங்கையில் ஐந்து கோடு போட்டிருக்கிறேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக ரூபி வூ, டீவா, ரஷ்யன் ரெட், சில்லி, மெஹர். ஃபில்டர் எதுவும் இல்லை. முதல் கோட்டைப் பாருங்கள், அப்புறம் அரக்கு என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

தறிவீடு:
பார்த்தேன். அரக்கு தெளிவாகத் தெரிகிறது. நன்றி.

சிவப்புப்பெட்டி:
எந்தக் கோடு?

தறிவீடு:
முதல் கோடுதான். இடது ஓரத்தில் இருப்பது.

சிவப்புப்பெட்டி:
இடது ஓரத்தில் இருப்பது மெஹர்! அழுக்கு ரோஸை அரக்கு என்கிறீர்கள். மணிக்கட்டு வலது பக்கம் இருக்கிறது.

தறிவீடு:
படத்தில் மணிக்கட்டும் இல்லை, முழங்கையும் இல்லை. நடுவில் வெட்டி எடுத்த கைதான் இருக்கிறது. எது எந்தப் பக்கம் என்று நான் கனவா கண்டேன்? வலது ஓரம் என்றால் வலது ஓரம். அதுவும் அரக்குதான்.

மாப்பிள்ளைபெஞ்ச்:
மொத்தம் நாலு கோடுதானே இருக்கிறது? நடுவில் இருக்கிற இரண்டும் ஒன்றுதான்.

வடசேரிவாசல்:
ஐந்து. இரண்டாவது மெரூன்.

சிவப்புப்பெட்டி:
நாளைக்கு மறுபடி எடுக்கிறேன். மணிக்கட்டில் வாட்ச் கட்டிக்கொண்டு.

தறிவீடு:
என்ன கலர் ஸ்டிராப்?