அப்பத்தாவின் அல்புமின் 2.7

பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது அப்பத்தாவுக்கு 81 வயது. இடது தொடை எலும்பின் கழுத்து ஒடிந்துவிட்டது. நாங்கள் ஆளாளுக்கு எக்ஸ்ரேயைத்தான் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மயக்க மருந்து டாக்டர் அதைத் தொடவே இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று இடத்தில் வட்டம் போட்டார்: ஹீமோகுளோபின் 9.4, சோடியம் 128, அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) 2.7.

"எலும்பைச் சரி பண்ணிடுவாங்கம்மா. அதுக்கப்புறம் ஒரு மாசம் பாட்டி தாங்கணுமே, அதைத்தான் இதுல பார்க்கிறேன்."

சோடியம் குறைந்ததற்குப் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்திருந்த நீர் மாத்திரை ஒரு காரணம் என்றார், நிறுத்தினார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அல்புமினுக்கு? "தினம் ரெண்டு முட்டை கொடுத்தா ஏறிடுமா டாக்டர்?" என்று சித்தப்பா கேட்டார். அது நாளைக்கே ஏறாதாம். ரத்தத்தில் இருக்கும் அல்புமினில் பாதி மாறவே மூன்று வாரம் போல ஆகும். 3.5க்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், சளி, நிமோனியா எளிதில் பிடிக்கும், உயிருக்கும் ஆபத்து கூடும் என்றார். அப்போதுதான் யோசித்தோம். தாத்தா போன பிறகு அப்பத்தா சாப்பிட்டதெல்லாம் காலையில் காபியும் வர்க்கியும், மதியம் ஒரு கை ரசம் சாதம், ராத்திரி கஞ்சி.

இரண்டாம் நாளே ஆபரேஷன். நடுவில் நெஞ்சுச் சளி வந்து ஒரு வாரம் பயமுறுத்தியது. மூன்று மாதம் கழித்து அல்புமின் 3.4. இப்போது வாக்கரோடு கொல்லை வரை போகிறது.

•

இன்னொருவர்: என் மாமனாருக்கு அல்புமின் பரவாயில்லை, கிரியேட்டினின்தான் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுவது) 2.1. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். 19ஆம் நாள் போய்விட்டார். அந்த 2.1 பற்றி முன்கூட்டியே யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தாலும் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருப்போம், ஆனால் பெரிய மகனை துபாயிலிருந்து முன்பே வரச் சொல்லியிருப்போம்.

•

மூன்றாமவர்: எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதல் நாள் ஹீமோகுளோபின் 11 என்று நிம்மதியாகிவிடாதீர்கள். முறிந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும், டிரிப் ஏறியதும் மறுநாள் 9 காட்டும். திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஸ்கோர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், இப்படி இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்தவர்களுக்கு 30 நாளுக்குள் உயிருக்கு உள்ள ஆபத்தைக் கணிக்க. அதில் ரத்தப் பரிசோதனை என்று பார்த்தால் ஹீமோகுளோபின் மட்டும்தான், 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரு புள்ளி. மற்றதெல்லாம் வயது, ஆணா பெண்ணா, ஞாபகசக்தி, முதியோர் இல்லவாசியா, வேறு நோய்கள், புற்றுநோய். அல்புமினே அதில் கிடையாது. ஆனாலும் 2.7 என்று பார்த்தால் எங்கள் டாக்டர் உணவியல் நிபுணரைக் கூப்பிடாமல் விடமாட்டார்.